பெயரைப் பார்ப்பதா, சரக்கைப் பார்ப்பதா? கார் ஆடியோ விற்போர் கவனத்திற்கு

குற்றாலச் சீசன் நெருங்கினால் ராயகிரி வட்டாரத்தில் வேன், வாடகைக் கார் வைத்திருப்போர் பாட்டுப் பெட்டியையும் ஸ்பீக்கரையும் மாற்ற நினைப்பது வழக்கம். கடைக்கு வருகிறவர் முதலில் கேட்பது, "நல்ல கம்பெனியா கொடுங்க அண்ணாச்சி" என்பதுதான். பெயர் நல்லதென்றால் சரக்கும் நல்லதுதானா என்பதை நாம் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

பிளாபங்க்ட் என்ற பெயரை அறியாத கார் ஆடியோ வியாபாரி இருக்க மாட்டார். 1920-களில் பெர்லினில் 'ஐடியல்' என்ற பெயரில் தொடங்கிய கம்பெனி அது. சோதனையில் தேறிய ஹெட்போன்களில் மட்டும் நீலப் புள்ளி ஒன்றை இட்டு விற்றார்கள். மக்கள் நீலப் புள்ளியையே கேட்டு வாங்கினார்கள். ஜெர்மன் மொழியில் நீலப் புள்ளி என்று பொருள்படும் பிளாபங்க்ட், 1938-ல் கம்பெனியின் பெயராகவே ஆயிற்று. 1932-ல் ஐரோப்பாவின் முதல் கார் ரேடியோவைக் கொண்டு வந்ததும் இவர்களே.

பல்லாண்டுகள் இதை நடத்திய பாஷ் நிறுவனம் 2009-ல் கைமாற்றிவிட்டது. சில ஆண்டுகளில் அந்த ஜெர்மன் கம்பெனி நொடித்தது. பெயர் மட்டும் உரிமத்தின்பேரில் பல நாடுகளில், பல நிறுவனங்களின் சரக்குகளில் வாழ்கிறது. உரிமம் பெற்றவர் நல்ல சரக்கும் செய்யலாம். ஆனால் அன்றைய புள்ளி சோதனைக்குச் சாட்சி. இன்றைய பெயர் உரிமத்துக்கே சாட்சி. ஆகவே சோதிக்கும் பொறுப்பு விற்கிற நம்மிடம் வந்துவிட்டது.

இதற்குப் பெரிய கருவி எதுவும் தேவையில்லை. ஆம்பிளிபயர் பெட்டியில் 1000 வாட்ஸ் என்று போட்டிருக்கும். அதன் பியூஸைப் பாருங்கள். 15 ஆம்பியர் என்றால், வண்டி ஓடும்போது கிடைக்கும் சுமார் 14 வோல்ட்டால் பெருக்க 210 வாட்ஸ்தான் வரும். உள்ளே போவதே அவ்வளவு. அதிலும் ஒரு பகுதி சூடாகிப் போகும். தொடர்ந்து ஆயிரம் வாட்ஸ் வெளியே வர வழியில்லை. பி.எம்.பி.ஓ. கணக்கை விட்டு, ஆர்.எம்.எஸ். கணக்கைக் கேளுங்கள். ஸ்பீக்கரில் டெசிபல் அளவையும் பாருங்கள்: 89 டெசிபல் ஸ்பீக்கருக்கு 40 வாட்ஸ் தந்து பெறும் சத்தத்தை 92 டெசிபல் ஸ்பீக்கர் 20 வாட்ஸிலேயே தந்துவிடும். ஒயரைப் பிளேடால் சுரண்டுங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது செம்பு முலாம் பூசிய அலுமினியமாக இருக்கலாம்.

மற்றொன்று டூப்ளிகேட் சரக்கு. 1999-ஆம் ஆண்டு வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 104-ஆம் பிரிவின்படி, போலிச் சின்னமிட்ட சரக்கை விற்பவருக்கு ஆறு மாதம் முதல் மூன்றாண்டு வரை சிறையும், ஐம்பதாயிரம் முதல் இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதமும் உண்டு. தக்க எச்சரிக்கையுடன் நடந்துகொண்டதையும், சரக்கு தந்தவர் யார் என்பதையும் காட்ட முடிந்தவருக்குத் தப்பிக்க வழி உண்டு. பில் இல்லாமல் மலிவாக வரும் சரக்கில் கிடைக்கும் லாபம் இந்த ஆபத்துக்கு ஈடாகாது.

பழுதான செட்டைத் தூக்கிக்கொண்டு வாடிக்கையாளர் பெர்லினுக்குப் போகப் போவதில்லை, நம் கடைக்குத்தான் வருவார். எனவே கொள்முதல் செய்யும்போதே ஒவ்வொரு மாடலிலும் ஒன்றை வண்டி பேட்டரியில் மாட்டி, ஒரு மணி நேரம் முழுச் சத்தத்தில் ஓட விட்டுப் பாருங்கள். தேறியதை மட்டும் வாங்குங்கள். உண்மையான வாட்ஸை பில்லில் எழுதிக் கொடுங்கள்.