புள்ளியென்று நினைத்தது தாரையாயிற்று

புதிதாக மூக்குக்கண்ணாடி வாங்கியவர் முதலில் என்ன செய்கிறார்? நன்கு பழகிய ஜெபப் புத்தகத்தைப் பிரித்து, எழுத்துகள் தெளிவாகத் தெரிகின்றனவா என்று பார்க்கிறார். 1999 ஆகஸ்டு மாதத்தில் விஞ்ஞானிகளும் அதையே செய்தனர். அவ்வாண்டு ஜூலை 23-ஆம் நாள் கொலம்பியா விண்ணோடம் ஏற்றிச் சென்ற சந்திரா எக்ஸ்-கதிர்த் தொலைநோக்கியின் பார்வை கூர்மையாக உள்ளதா என்று அறிய வேண்டியிருந்தது. ஆகவே, வெறும் புள்ளியாகவே தெரியும் என்று எதிர்பார்த்த ஒரு பொருளை நோக்கி அதைத் திருப்பினர். வந்த படத்திலோ அப்புள்ளியின் ஒரு பக்கத்தில் வால் ஒன்று நீண்டிருந்தது!

கருவியில்தான் கோளாறோ என்ற ஐயம் எவருக்கும் எழும். ஆனால் அதே திசையில் ரேடியோ அலைகளை வீசும் தாரையொன்று முன்னரே அறியப்பட்டிருந்தது. வால் மெய்யானதே.

அப்பொருளின் பெயர் பி.கே.எஸ். 0637-752. ஏறத்தாழ 600 கோடி ஒளி ஆண்டுகளுக்கு அப்பாலுள்ள குவாசர் அது. குவாசர் என்பது ஒரு விண்மீன் மண்டலத்தின் நடுவே, பெருங்கருந்துளையொன்று தன்னைச் சூழ்ந்த வாயுவை விழுங்குகையில் எழும் பேரொளி. இக்குவாசர் மட்டும் பத்து லட்சம் கோடி சூரியன்களின் ஆற்றலை வீசுகிறது. விழுங்கப்படாத பொருளில் ஒரு பகுதி மெல்லிய தாரையாகப் பீறிட்டு, இரண்டு லட்சம் ஒளி ஆண்டுகளுக்குக் குறையாத தொலைவு செல்கிறது. நம் பால்வீதியின் குறுக்களவே சுமார் ஒரு லட்சம் ஒளி ஆண்டுகள்தான் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இத்தகைய கதிர்களைப் பூமியிலிருந்து காண இயலாது. நம் காற்று மண்டலம் அவற்றைத் தடுத்துவிடுகிறது. அது நம் உயிருக்குக் காவல், வானியலாருக்கோ திரை. மேலும், கண்ணாடியில் நேராக மோதினால் எக்ஸ்-கதிர் திரும்பாது. சிறுவர் குளத்தில் சாய்த்தெறியும் ஓட்டுச்சில்லு நீரில் தத்திச் செல்வதுபோல், மிகச் சாய்வாகப் பட்டால்தான் திரும்பும். ஒன்றனுள் ஒன்றாக அமைந்த நான்கு இணை ஆடிகள் சந்திராவில் இவ்வாறே கதிர்களைக் குவிக்கின்றன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983-இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகரின் நினைவாகவே அதற்கு அப்பெயர் சூட்டினர்.

அத்தாரை ஏன் எக்ஸ்-கதிரில் அவ்வளவு ஒளிர்கிறது? ரேடியோ அலைகளை வீசும் எலெக்ட்ரான்களைக் கணக்கிட்டால், இத்தனை ஒளி வரக் காரணமில்லை. 2000-ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் வந்தது. பிரபஞ்சத்தின் தொடக்க வெப்பத்தின் எச்சமான நுண்ணலைக் கதிர்வீச்சு எங்கும் பரவியுள்ளது. (பிரபஞ்சம் விரிவடைவதை 1927-இல் கணித்துரைத்த பெல்ஜியக் குரு ஜார்ஜ் லெமேத்தர், அக்கதிர்வீச்சு கண்டறியப்பட்ட செய்தியை 1966-இல் மரணப் படுக்கையில் கேட்டறிந்தார்.) தாரையின் எலெக்ட்ரான்கள் அந்த நுண்ணலைகளை மோதி, எக்ஸ்-கதிராக உயர்த்துகின்றன என்றனர். அதற்குத் தாரை, அத்தனை தொலைவு சென்றபின்பும், ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் நம்மை நோக்கிப் பாய வேண்டும். அழகான விளக்கம், பத்தாண்டுகளுக்கு மேல் பலரும் ஏற்றிருந்தனர்.

ஆனால் அவ்விளக்கம் மெய்யானால் காமாக் கதிர்களும் வந்தாக வேண்டும். 2008-இல் ஏவப்பட்ட ஃபெர்மி தொலைநோக்கி ஆண்டுக்கணக்கில் தேடியது. 3சி 273 என்னும் குவாசரின் தாரையில் எதிர்பார்த்த அளவு காமாக் கதிர் இல்லையென்று 2014-இல் அறிவித்தனர். பின்னர் நம் 0637-இலும் அதே முடிவு. ஆகவே, மிகப் பேராற்றல் பெற்ற வேறு எலெக்ட்ரான்கள் காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ்-கதிர் வீசுகின்றன என்ற கருத்து வலுத்தது. எனில் இன்னொரு சிக்கல்: அவை தாரையின் நீளத்தைக் கடக்குமுன்பே ஆற்றலை இழந்துவிடும். வழிநெடுகிலும் எதுவோ அவற்றுக்கு மீண்டும் மீண்டும் ஆற்றல் ஊட்ட வேண்டும்.

பழைய விளக்கம் முற்றிலும் மாண்டுவிடவுமில்லை. 1,100 கோடி ஆண்டுகளுக்கு முன் புறப்பட்ட ஒளியில் இன்னொரு தாரையைச் சந்திரா காட்டியது. செய்தி வெளியானது 2016-இல். அக்காலத்தில் நுண்ணலைக் கதிர்வீச்சு இன்றைவிடப் பன்மடங்கு செறிவாயிருந்ததால், அங்கே அவ்விளக்கம் பொருந்துகிறது. ரேடியோ வரைபடத்தில் அவ்விடம் ஏறக்குறைய வெறுமையாகவே கிடந்தது.