ஓரத்தில் நிற்கும் அண்ணன்!

சிற்பம் பார்க்கத்தான் செங்கல்பட்டிலிருந்து பஸ் ஏறி மாமல்லபுரம் போனேன். பார்த்தது குப்பத்து மணலில் கபடி! பாடி வர்ற பையனுக்குத்தான் விசில் எல்லாம். ஓரத்தில் குனிந்து நிற்கிறவனை யாரும் சட்டை பண்ணவில்லை. பிடி நழுவியதும் மட்டும், 'டேய், தூங்குறியா?' என்றார்கள். (ஆபீஸ் ஞாபகம் வந்து தொலைத்தது!)

அமெரிக்க ஃபுட்பாலிலும் இப்படி ஐந்து தடியர்கள் உண்டு. பந்தோடு ஓடுவது அவர்கள் வேலையில்லை. எதிரியை முட்டி மறிப்பதுதான். தப்பாட்டம் ஆடினால்தான் மைக்கில் அவர்கள் நம்பரே வரும்.

நம்மூரில் அந்த ஜாதி ஆட்டக்காரர் தஞ்சாவூர் ஜில்லா தர்மராஜ் சேரலாதன். ரைட் கார்னர். பாடி வருகிறவருக்கு முப்பது விநாடி. அதற்குள் அவர் திரும்பும் நொடி பார்த்துக் கணுக்காலைக் கவ்வ வேண்டும். அவசரப்பட்டால் முகத்தில் உதை, தானும் அவுட்! புரோ கபடி லீக் 2014-ல் வந்தபோது அவருக்கு வயது 39. மற்றவர்கள் ஷூவைக் கழற்றி வைக்கிற வயசு. மனுஷர் அப்போதுதான் கட்டினார்! 2016 ஜூலையில் ஹைதராபாத் ஃபைனல். ஜெய்ப்பூரை 37-29 என்று சாய்த்தது பாட்னா. பாடிப்போய்ப் பாயிண்ட் குவித்த பர்தீப் நர்வாலுக்கு 19 வயது. கேப்டன் சேரலாதனுக்கு 41! அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார்.

ஆட்டம் முடிந்து அந்த ஓரத்துப் பையனிடம், "தம்பி, சேரலாதனைத் தெரியுமா?" என்றேன்.

"எங்க அண்ணன் சார்!" என்றான், முழங்கை ரத்தத்தை மணலால் துடைத்துக்கொண்டே.