மூன்றாண்டு ஞாயிறுகளை விழுங்கிய எண்

147573952589676412927.

இருபத்தோரு இலக்கங்கள். நம் வழக்கில் சொன்னால், சுமார் பதினாலே முக்கால் லட்சம் கோடி கோடி! ஒன்றில் தொடங்கி 67 முறை இரட்டித்து, கடைசியில் ஒன்றைக் கழித்தால் கிடைப்பது இதுதான்.

இது ஒரு பகா எண், அதாவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் மீதியின்றி வகுபடாத எண், என்று 1644ஆம் ஆண்டில் அறிவித்தார் பிரெஞ்சுத் துறவி மெர்சென். இருநூறு ஆண்டுகளுக்கு மேல் அந்த வாக்கு பொய்யென்று யாரும் காட்டவில்லை.

1876இல் பிரெஞ்சுக் கணித மேதை லூகாஸ் அதை உடைத்தார். இது பகா எண் அல்ல என்று நிரூபித்தார். ஆனால் எந்த எண்ணால் வகுபடும் என்பதை அவராலும் சொல்ல முடியவில்லை. பேரேட்டில் கணக்கு உதைக்கிறது என்று தெரிந்தும், எந்த வரியில் என்று தெரியாமல் தவிக்கும் குமாஸ்தாவின் நிலைதான்!

பேசாத பேச்சு

1903 அக்டோபர் 31. நியூயார்க்கில் அமெரிக்கக் கணிதக் கழகக் கூட்டம். பேராசிரியர் கோல் கரும்பலகை அருகே சென்று, 2ஐ 67 முறை பெருக்கி ஒன்றைக் கழித்து விடையை எழுதினார். மறுபக்கத்தில்,

193707721 × 761838257287

என்று எழுதிப் பெருக்கினார். இரண்டு விடையும் ஒன்றே! வாய் திறக்காமல் இருக்கைக்குத் திரும்பினார். அரங்கு கைதட்டலில் அதிர்ந்தது என்கிறார் இச்சம்பவத்தை எழுதிய ஈ.டி. பெல். இதற்கு எவ்வளவு காலம் பிடித்தது என்று அவர் பின்னாளில் கேட்டபோது, மூன்று ஆண்டுகளின் ஞாயிற்றுக்கிழமைகள் என்றாராம் கோல்.

எல்லா எண்களாலும் வகுத்துப் பார்க்க வேண்டியதில்லை. இந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் எதையும் 134ஆல் வகுத்தால், மீதி ஒன்றாகவே இருக்கும். அப்படியும் சோதிக்க வேண்டியவை லட்சக்கணக்கில் இருந்தன. கணிப்பொறி இல்லாத காலம் அது.

நீங்களே பாருங்கள்

கோலின் விடையை ஒன்பதுகளைத் தள்ளும் முறையில் சோதிக்கலாம். முதல் எண்ணின் இலக்கங்களைக் கூட்டினால் 37; மீண்டும் கூட்ட 10; பிறகு 1. இரண்டாவதில் 64, 10, 1. ஒன்றை ஒன்றால் பெருக்கினால் ஒன்று. பெரிய எண்ணின் இலக்கங்கள் தருவது 109. அதுவும் 10 ஆகி, 1 ஆகிறது. கணக்கு ஒத்துப்போகிறது. இந்தச் சோதனை பிழையைக் காட்டிக் கொடுக்குமே தவிர, சரியென்று உறுதி செய்யாது. உறுதி வேண்டுவோர் முழுதும் பெருக்கிப் பார்க்கலாம். ஒரு மாலைப் பொழுது போதும்.

பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். இந்த வேறுபாட்டை வைத்தே 1977இல் ரிவெஸ்ட், ஷமீர், ஏடல்மன் ஆகிய மூவரும் ரகசியக் குறியீட்டு முறை ஒன்றை அமைத்தார்கள். வங்கிக் கணக்குகளின் பாதுகாப்புக்கும் அது பயன்பட்டு வருகிறது. கோலின் எண்ணை இன்றைய கணிப்பொறி நொடியில் பிரித்துவிடும். ஆனால் அந்தக் குறியீட்டில் பயன்படுவது அறுநூறு இலக்கங்களுக்கு மேற்பட்ட எண். அதற்கு எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் வேண்டுமோ!