புலி நடக்கும் போடி மலை

போடிநாயக்கனூரில் நின்று மேற்கே பார்த்தால் மலை சுவராக எழும்பி நிற்கும். 17 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிப் போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கே பூப்பாறைக்குப் பக்கத்தில் மதிகெட்டான் சோலை. ஏலத்தோட்ட ஆக்கிரமிப்பு அரசியல் சண்டையாக வெடித்த பிறகு, 2003-ல் அது தேசியப் பூங்காவானது. பரப்பு 12.82 சதுர கிலோமீட்டர்தான். ஒரு ஆண் புலிக்கே காணாது.

அதனால்தான் போடி மேற்கு மலைச் சரிவு முக்கியமாகிறது. மதிகெட்டானையும் பெரியாறு புலிகள் காப்பகத்தையும் இணைப்பது அதுதான். பெரியாற்றை ஒட்டி, 2021-ல் நாட்டின் 51-வது புலிகள் காப்பகமாக அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் - மேகமலை விரிகிறது. மேகமலைக்குப் புலி மட்டும் பெருமையில்லை. 1948-ல் ஆங்கஸ் ஹட்டன் என்ற தோட்டத்துரை அங்கே பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, சாதாரண இனமென்று அருங்காட்சியகத்தில் முடங்கிக் கிடந்தது. அது உலகுக்கே புதிய பேரினம் என்று 1972-ல் தெரிந்தது. சாலிம் அலியின் பெயரைச் சூட்டினார்கள்.

வரைபட எல்லைகளை அரிக்கொம்பன் மதிக்கவில்லை. சின்னக்கானல் பக்கம் அரிசிக்காக ரேஷன் கடையை உடைத்த அந்த யானையை 2023 ஏப்ரலில் பிடித்துப் பெரியாற்றில் விட்டார்கள். சில நாளில் மேகமலையில் தென்பட்டது. மே 27-ல் கம்பம் நகருக்குள்ளேயே புகுந்தது. ஜூனில் தமிழக வனத்துறை பிடித்துக் களக்காடு முண்டந்துறைக்குக் கொண்டுபோனது.

ஏலத்தோட்டத்தைக் காட்டுக்கு எதிரி என்று ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. நிழல் மரம் இல்லாமல் ஏலம் இல்லை. செடியின் அடியில் தரையோடு ஓடும் சரத்தில், ஊதாக் கீற்றுள்ள வெள்ளைப் பூ காலையில் விரியும். அன்றைக்கே தேனீ வராவிட்டால் காய் பிடிக்காமல் உதிர்ந்துவிடும். மலைத்தேனீ கூடு கட்டக் காட்டு மரம் வேண்டும். பூச்சிமருந்தை அள்ளிக் கொட்டுகிறவர் தன் மகசூலைத்தான் விரட்டுகிறார்.

இதே போடி மேற்கு மலைப் பகுதியில், பொட்டிபுரத்தில் அம்பரப்பர் மலையைக் குடைந்து நியூட்ரினோ ஆய்வகம் அமைக்க 2015-ல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. சுரங்கம் மலைக்குள்ளேதானே, புலிக்கு என்ன வந்தது என்று கேட்டவர்கள் உண்டு. வெடி அதிர்வும் கல் ஏற்றும் லாரியும் மலைக்குள்ளேயே அடங்கிவிடுமா? அது மதிகெட்டான் - பெரியாறு புலி வழித்தடம், அனுமதிக்க முடியாது என்று 2022-ல் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. சரியான முடிவு.

விலங்குகள் நடமாடும் இதே மலையில்தான் நம் வண்டிகளும் ராத்திரியில் மூணாறுக்கு ஏறுகின்றன. போடிமெட்டு போகிறவர்கள் வளைவில் வேகத்தைக் குறையுங்கள், குரங்குக்கு பிஸ்கட் போடாதீர்கள், கொண்டுபோன பிளாஸ்டிக்கைக் கீழே எடுத்துவாருங்கள்.