பழைய விண்டோஸ்: பதிக்கும் வரிசையில் இருக்கிறது பாதுகாப்பு

கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்கா போன்ற சில்லுத் தொழில் வட்டாரங்கள் மறக்கக்கூடாத நிகழ்வு ஒன்று தைவானில் நடந்தது. 2018 ஆகஸ்ட் 3-ஆம் தேதி டிஎஸ்எம்சி நிறுவனத்தின் சில்லு ஆலைகளில் இயந்திரங்கள் முடங்கின. புதிய கருவி ஒன்றை வலையமைப்பில் இணைத்தபோது, 'வன்னாகிரை' வகை நச்சுநிரல் விண்டோஸ் 7 கணினிகளுக்குப் பரவியதே காரணம். அந்த ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை மைக்ரோசாப்ட் 2017 மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது. முடங்கிய கணினிகளில் அது பதிக்கப்படவில்லை.

பழைய வட்டிலிருந்து விண்டோஸ் 7-ஐப் பதித்தால், வட்டு தயாரான நாளின் நிலைக்கே கணினி திரும்பும். பின்னர் கண்டறியப்பட்ட ஓட்டைகள் அனைத்தும் திறந்தே கிடக்கும். ஆகவே, இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டுத் தொடங்குங்கள். திருத்தங்களை வேறொரு கணினியில் பதிவிறக்கி, நச்சுநிரல் சோதனை செய்த பென்டிரைவில் கொண்டு வாருங்கள்.

முதலில் சர்வீஸ் பேக் 1. அடுத்து, 2019 மார்ச்சில் வெளிவந்த இரண்டு திருத்தங்கள்: ஒன்று, திருத்தங்களைப் பதிக்கும் பொறியைப் புதுப்பிக்கும், மற்றது, 'ஷா-2' மின்கையொப்பத்தை அடையாளம் காணக் கற்றுத்தரும். இதைத் தவிர்த்தால், பின்னர் வந்த உண்மையான திருத்தங்களையும் கணினி போலியெனக் கருதி மறுத்துவிடும். அதன் பிறகே மற்றவை.

விண்டோஸ் 7-க்கான பொது ஆதரவு 2020 ஜனவரி 14-இல் முடிந்தது. எல்லாவற்றையும் பதித்தாலும், அதற்குப் பின் தெரியவந்த ஓட்டைகள் அடைபடா. பழைய கருவிக்காக அதை வைத்திருக்க நேர்ந்தால், வலையமைப்பில் சேர்க்காமல் தனியே இயக்குவதே நல்லது.