கரையேறிய படகின் பாட்டரி

தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடந்து ஆனி, ஆடி மாதங்களில் சாரலாக இறங்கும்போது, குற்றாலத்து அருவிகள் பொங்கி, ஐந்தருவிச் சாலையிலுள்ள வெண்ணமடைக் குளம் நிரம்ப, அங்குள்ள படகு குழாமில் குழந்தைகளின் ஆரவாரம் எழுகிறது. சீசன் ஓய்ந்ததும் படகுகளும் ஓய்வு கொள்கின்றன. காலால் மிதிக்கும் படகுக்கும் துடுப்பால் வலிக்கும் படகுக்கும் இந்த ஓய்வினால் பெரிய நஷ்டமில்லை; பாட்டரி உள்ள விசைப்படகின் சங்கதியோ முற்றிலும் வேறு.

குற்றாலத்துச் சிற்றாறு தாமிரபரணியில் கலந்து கடலை அடையும் பக்கத்தில், தூத்துக்குடி விசைப்படகுகள் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, மீன்களின் இனவிருத்தியை முன்னிட்டு, 61 நாள்கள் மீன்பிடித் தடையால் கரையில் நிற்கின்றன. இயந்திரத்தைக் கிளப்பவும் விளக்கெரிக்கவும் உதவிய பாட்டரி அக்காலத்தில் உறங்குவதாக நாம் எண்ணினாலும், அது உண்மையில் உறங்குவதேயில்லை.

1859-ல் கஸ்தோன் பிளாந்தே என்னும் பிரெஞ்சு விஞ்ஞானி கண்ட ஈயப் பாட்டரியின் தத்துவம் இன்றும் மாறவில்லை: கந்தகத் திராவகத்தில் அமிழ்ந்த ஈயத் தகடுகள் மின்சாரத்தை வழங்குகையில் அவற்றின்மேல் ஈய சல்பேட் படிகிறது, சார்ஜ் ஏற்றினால் கரைகிறது. ஆனால் யாரும் தொடாமலே சக்தி கசியும் சுபாவம் பாட்டரிக்கு உண்டாகையால், சும்மா கிடக்கும்போதும் அப்படிவு வளர்ந்து, நாளடைவில் கெட்டிப்பட்டு, பிறகு எவ்வளவு சார்ஜ் ஏற்றினாலும் கரையாமல் போய்விடுகிறது. குளிர்தேசத்தார் பாட்டரி உறைந்துவிடாமல் காக்கிறார்கள். நமக்கோ வெயில்தான் சத்துரு. வெப்பம் பத்து டிகிரி ஏறினால் கசிவு ஏறக்குறைய இரட்டிக்கும். ஆகவே சித்திரை வெயில் காயும் படகிலேயே அதை விட்டுவைக்காமல், நிழலும் காற்றோட்டமும் உள்ள அறைக்குக் கொண்டுபோவதே விவேகம்.

வைப்பதற்கு முன் முனைகளிலிருந்து வயர்களைக் கழற்றி, பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீரால், அது உள்ளே புகாதபடி துடைத்து, உலர்ந்தபின் வாசலைன் தடவ வேண்டும். முழுச் சார்ஜ் ஏற்றியபின் திராவகத்தின் மட்டம் குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். குழாய்த் தண்ணீரும் ஆகாது, திராவகமும் ஆகாது. சார்ஜாகும்போது எழும் ஹைட்ரஜன் வாயு தீப்பொறி பட்டால் வெடிக்குமாதலால் பீடி, தீக்குச்சிக்கு அங்கே இடமில்லை.

பின்பு மாதம் ஒருமுறை பரிசோதித்தால் போதும். ஹைட்ரோமீட்டரின் ரப்பர்க் குமிழை அழுத்தி விட்டால், கண்ணாடிக் குழலுக்குள் ஏறும் திராவகத்தில் சிறு மிதவை ஒன்று எழும்பி நிற்கும்; அது திராவகத்தின் ஒப்படர்த்தியை 1.25-க்கு அருகில் காட்டினால் பாட்டரி நிறைந்திருக்கிறது, தாழ அமிழ்ந்தால் சக்தி இழந்திருக்கிறது. மீட்டர் வைத்துப் பார்ப்பவர்கள், 12 வோல்ட் பாட்டரி சில மணி நேரம் ஓய்ந்திருந்தபின் 12.4-க்குக் கீழ் காட்டினால், தாமதிக்காமல் மறுபடி சார்ஜ் ஏற்றிவிட வேண்டும்.

மலையில் சாரல் தொடங்கும் அதே நாள்களில் கடலோரத்தில் தடை முடிகிறது. வலைக்கும் டீசலுக்கும் கடன்பட்டு நிற்கும் ஒரு குடும்பத்துக்கு, அந்த முதல் விடியலில் இயந்திரம் முனகி நின்றுவிடுவது சாமானிய நஷ்டமன்று. இரண்டு மாதத்தில் இரண்டுமுறை அந்த அறைக் கதவைத் திறந்து பார்த்தவரின் படகோ, சாவி திருப்பியதும் உறுமிக்கொண்டு கரையை விட்டுப் புறப்படுகிறது.