நிதிக் கொள்கையும் வெளியுறவும்: அதிபர் வேட்பாளரை எடைபோட இலங்கை தரும் பாடம்

திருவனந்தபுரம்: கிழக்கேகோட்டையிலிருந்து சுமார் 15 கி.மீ. தொலைவில் உள்ள விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே 2-ஆம் தேதி நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அதுவரை, பெரிய கப்பல்களுக்கு மாற்றப்பட வேண்டிய இந்தியச் சரக்குப் பெட்டகங்களில் பெரும்பகுதி கொழும்பு உள்ளிட்ட வெளிநாட்டுத் துறைமுகங்களையே நம்பியிருந்தது. எனவே, கொழும்பில் அதிபராக யார் வருகிறார், என்ன கொள்கையுடன் வருகிறார் என்பது தென்னிந்தியாவுக்கும் முக்கியமானது.

இந்தியக் குடியரசுத் தலைவர் அமைச்சரவையின் ஆலோசனைப்படி செயல்படுபவர். இலங்கையிலோ, மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் அதிபரே நிர்வாகத்தின் தலைவர். அதனால் வேட்பாளரின் நிதி, வெளியுறவுக் கொள்கைகள் வாக்காளரின் வீட்டுச் செலவு வரை எதிரொலிக்கின்றன.

2019-இல் நடந்தது என்ன?

2019 நவம்பரில் நடைபெற்ற தேர்தலில் வரிக் குறைப்பை வாக்குறுதியாக அளித்து கோத்தபய ராஜபக்ச வெற்றி பெற்றார். அடுத்த மாதமே மதிப்புக் கூட்டு வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. அரசின் வருவாய் சரிந்தது. கரோனா பரவலால் சுற்றுலா வருமானமும் நின்றுபோனது. அந்நியச் செலாவணி தீர்ந்த நிலையில், 2022 ஏப்ரல் 12-ஆம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. எரிபொருளுக்காக மக்கள் நாள்கணக்கில் வரிசையில் நின்றனர். ஜூலையில் கோத்தபய பதவி விலகினார்.

நிதியும் வெளியுறவும் இணைவது எங்கே?

கடனில்தான். இலங்கைக்குக் கடன் கொடுத்த நாடுகளில் சீனா, ஜப்பான், இந்தியா ஆகியவை முக்கியமானவை. நெருக்கடியின்போது இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி அளித்தது. சர்வதேச நிதியம் 2023 மார்ச்சில் சுமார் 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் வழங்கியது. வருவாயைப் பெருக்க, 2024 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி 18 சதவீதமானது.

2024-இல் வாக்காளர் முன் இருந்தவை

2024 செப்டம்பர் 21 தேர்தலில், நிதியத் திட்டத்தை அப்படியே தொடர வேண்டும் என்றார் ரணில் விக்ரமசிங்க. நிபந்தனைகளை மறுபரிசீலனை செய்யப் பேச்சு நடத்துவோம் என்றனர் சஜித் பிரேமதாசவும் அநுர குமார திசாநாயக்கவும். எந்த வேட்பாளராலும் முதல் எண்ணிக்கையில் 50 சதவீதத்தைத் தாண்ட முடியவில்லை. விருப்ப வாக்குகளும் எண்ணப்பட்ட பின் திசாநாயக்க வென்றார்.

வாக்குறுதியும் நடைமுறையும்

மாதம் 2 லட்சம் ரூபாய் வரையிலான வருமானத்துக்கு வரி இராது என்பது அவரது கட்சியின் வாக்குறுதி. ஒரு லட்சமாக இருந்த வரம்பு, 2025 ஏப்ரலில் ஒன்றரை லட்சமாகவே உயர்ந்தது. நிதியத் திட்டம் தொடர்ந்தது. வெளியுறவில், 2024 டிசம்பரில் முதல் பயணமாக இந்தியா வந்த அவர், இலங்கை மண்ணை இந்தியாவின் நலனுக்கு எதிராகப் பயன்படுத்த அனுமதிக்கப்படாது என உறுதியளித்தார். அடுத்த மாதம் சீனா சென்றார்.

வரியைக் குறைப்பதாகக் கூறும் வேட்பாளரிடம், இழக்கும் வருவாயை எதைக் கொண்டு ஈடுகட்டுவார் என்று வாக்காளர் கேட்க வேண்டும். கடன் வாங்குவதாகக் கூறினால், யாரிடம், எந்த நிபந்தனையில் என்றும் கேட்க வேண்டும். 2019-இல் இக்கேள்விகளுக்கு விடை கிடைக்காததன் விலையை இலங்கை மக்கள் எரிபொருள் வரிசைகளில் செலுத்தினர்.